லாச்சிக்குள் கிடைத்த பெயர் தெரியாத கருவிகள்

வாசகர் கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புச் சாமான் விற்கும் கடையொன்றில், ஏழு லாச்சிகள் உள்ள மரப்பெட்டி ஒன்றை உள்ளே இருந்த சாமான்களோடு சேர்த்து வாங்கினேன். மைக்ரோமீற்றர், கலிப்பர், மூலைமட்டம் எல்லாம் தெரிகின்றன. சிலவற்றை என்னவென்றே சொல்ல முடியவில்லை. ஒரு கால் ஊசியாகவும் மறுகால் வளைந்தும் இருக்கும் கவராயம். மீன்வால் போல வெட்டிய சின்னத் தகடு. ‘டீ’ எழுத்து வடிவில் ஐந்து கம்பிகள். நடுவில் துளையுள்ள நான்கு உருக்கு உருளைகள், அவற்றில் ஒன்று மட்டும் நீளம். இரு முனையிலும் உருளை பொருத்திய கனமான சட்டம். நுனி மட்டும் ஆடுகிற விரலளவு தண்டு. பல்லே இல்லாத முக்கோண அரமும் அதன் பக்கத்தில் சிவப்புப் பசை உறைந்த டின் ஒன்றும். இரு முனையிலும் சிறு குழியுள்ள ஐந்து அங்குலத் தண்டு, அதில் 3/4 என்று குத்தியிருக்கிறது. சில சாமான்களில் ‘சி.ஜி.ஆர்.’ என்றும் யாரோ ஒருவரின் முதலெழுத்துகளும் உள்ளன. எல்லாவற்றிலும் கறள். வினாகிரியில் ஊறவிட்டு எமரித் துணியால் மினுக்கலாமா? எதை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம்?

பதில்:

வினாகிரியும் வேண்டாம், எமரியும் வேண்டாம். எதையும் துடைக்காமல் ஒவ்வொரு லாச்சியையும் மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எதோடு ஒரே லாச்சியில் கிடந்தது என்பது இப்படிப்பட்ட பெட்டியில் மிகப் பெரிய தடயம். சின்ன டப்பாவில் தனியாகக் கிடக்கும் நாலு ஸ்குறூக்களை யாரும் கழிவு என்றே நினைப்பார்கள். ஆனால் அவை அந்த நான்கு உருளைகளுக்கு உரியவையாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வாளி மண்ணெண்ணெயில் கொட்டிவிட்டால் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்காது.

கருவி ஒன்றைக் கையில் எடுத்ததும் பெயரைத் தேடாதீர்கள். அதில் எந்த முகம் கிரைண்ட் பண்ணப்பட்டிருக்கிறது, எந்த முகம் கரடாகவே விடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிரைண்ட் பண்ணுவதற்குக் காசும் நேரமும் செலவாகும். ஆகவே அந்த முகம்தான் வேலைத்துண்டைத் தொடுகிற அல்லது அளவு எடுக்கிற இடம். விரல்பட்டு வழுவழுப்பான இடம் எங்கே என்று பார்த்தால் எப்படிப் பிடித்தார்கள் என்பது தெரியும். முனைகளில் கூம்புக் குழி இருந்தால் அது லேத்தின் இரண்டு சென்றர்களுக்கு (துண்டை இரு பக்கமும் தாங்கும் கூர்முனைகள்) இடையில் சுழன்ற பொருள். பிறகு, வேலைக்கு உதவாத ஒரு மூலையில் பழைய அரத்தை மெதுவாக வைத்துத் தள்ளுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் அது கடினமாக்கிய உருக்கு. அளவுக் கருவிக்கும் வெறும் தாங்குதுண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே வெளியாகும்.

கறளுக்குள் மறைந்த எழுத்துகளை வாசிக்க வெள்ளைச் சோக்கைப் படுக்கவைத்துத் தேய்த்துவிட்டு, கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். குத்திய எழுத்துகள் மேலெழுந்து தெரியும். சி.ஜி.ஆர். என்பது சிலோன் கவன்மென்ட் ரயில்வே, அதாவது இலங்கை ரயில்வேயின் பழைய பெயர். நாடு குடியரசான 1972க்கு முந்திய சாமான் என்று கொள்ளலாம். ஒரு புள்ளியில் சேரும் மூன்று கோடுகள் கொண்ட அம்புக்குறி தென்பட்டால் அது பிரித்தானிய அரசுச் சொத்துக்கான அடையாளம். ‘வெஸ்ட் ஜேர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஷெஃபீல்டில் 1906இல் தொடங்கிய மூர் அன்ட் ரைட், அமெரிக்காவின் அதோல் நகரில் 1880இல் தொடங்கிய ஸ்டாரட் ஆகிய பெயர்களும் இத்தகைய பெட்டிகளில் வருவதுண்டு. ஸ்டாரட் சாமானில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் அவர்களின் பட்டியல் எண்தான். அதைத் தேடினாலே கருவி என்னவென்று தெரிந்துவிடும். தனியாள் ஒருவரின் முதலெழுத்துகளை அழிக்காதீர்கள். ஒரே எழுத்து பல சாமான்களில் இருந்தால் அவை ஒருவரின் தொகுதி என்பதற்கு அதுவே சாட்சி. ரயில்வே முத்திரை உள்ளவற்றுக்காகக் கடைக்காரரிடம் கைப்பட எழுதிய பில் ஒன்றாவது வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் விற்பதென்றால் கேட்பார்கள்.

இனிச் சாமான்கள். ஊசிக்காலும் வளைந்த காலும் உள்ளது ஒட்-லெக் கலிப்பர். ஜெனி என்றும் சொல்வார்கள். வளைந்த காலைத் துண்டின் ஓரத்தில் உரசவிட்டு இழுத்தால் ஊசி அந்த ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும். உருண்டைக் கம்பியின் மையம் தேடவும் இதுதான். விட்டத்தின் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்து, நாலு பக்கத்திலிருந்தும் முனையில் வில் கீறுங்கள். நடுவில் விழும் சின்னக் கட்டத்தின் மையத்தில் சென்றர் பஞ்ச் வையுங்கள். மூட்டு தளர்ந்திருந்தால் கீறும்போதே கால் விலகும். ரிவெட்டை மிக மெதுவாகத் தட்டி இறுக்கினால் போதும்.

மீன்வால் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பட்டறையில் நாளாந்தம் உதவக்கூடியது அது, தவறாகப் பயன்படுத்தினால் நட்டம் தருவதும் அதுவே. அது சென்றர் கேஜ். லேத்தில் புரி வெட்டும் டூலைச் சரியான கோணத்துக்குத் தீட்டவும், டூலைத் துண்டுக்குச் செங்குத்தாக நிறுத்தவும் உதவுகிறது. மெட்ரிக் புரிக்கும் அமெரிக்கப் புரிக்கும் கோணம் 60 பாகை. 1841இல் ஜோசப் விட்வேர்த் முன்வைத்த ஆங்கிலப் புரிக்கு 55 பாகை. இங்கே பழைய தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களும் ரயில் சாமான்களும் அநேகம் இங்கிலாந்திலிருந்து வந்தவை என்பதால், பெட்டியில் கிடப்பது 55 பாகைத் தகடாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

எழுத்து அழிந்திருந்தால் பழைய சோனகத் தெருவில் புதிய முக்கோண அரம் ஒன்று வாங்குங்கள். அதன் மூலைகள் 60 பாகை. மூலையைத் தகட்டின் வெட்டுக்குள் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரு சரிவும் முழு நீளத்துக்கும் ஒட்டினால் தகடு 60. அரம் வெட்டின் வாயிலேயே தட்டிநின்று, அடிப்பக்கம் போகப்போக வெளிச்சம் அகன்றால் 55. அடியில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிவதை எண்ணவேண்டாம், அது அரத்தின் மழுங்கிய முனையால் வருவது. கோணத்தை மாற்றி வெட்டினால் நட் ஏறத்தான் செய்யும். ஆனால் சரிவுகள் முழுதாகத் தொடாமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும், சுமை அங்கே குவிந்து புரி சீக்கிரம் தேயும். எட்டில் மூன்று (3/8) அங்குலத்தில் இந்தத் தவறு கண்ணுக்கே படாது. ஏனென்றால் விட்வேர்த்துக்கும் அமெரிக்கக் கரட்டுப் புரிக்கும் அங்குலத்துக்கு 16 புரிகள்தான். அரை அங்குலத்தில் விட்வேர்த் 12, அமெரிக்கன் 13. அங்கே நட் சில சுற்று ஏறி இறுகிவிடும், உடனே விளங்கும். தகட்டின் ஓரத்தில் அங்குலத்தை 14, 20, 24, 32 பாகங்களாகப் பிரித்த அளவுகோல்கள் இருந்தால் அவை புரிகளை எண்ணுவதற்கு.

‘டீ’ வடிவக் கம்பிகள் டெலஸ்கோப்பிக் கேஜ். வழக்கமான தொகுதியில் ஆறு இருக்கும், சேர்ந்து 8 மி.மீ. முதல் 150 மி.மீ. வரையான துளைகளை அளக்கும். உங்களிடம் ஒன்று குறைகிறது, எது இல்லையென்று அளந்து பாருங்கள். துளைக்குள் சாய்வாக விட்டு, கைப்பிடி முனையிலுள்ள பூட்டைத் தளர்த்தினால் கைகள் விரியும். பூட்டை இலேசாக மட்டும் இறுக்கி, கைப்பிடியை ஒரே தடவை மறுபக்கம் சாய்த்து வெளியே எடுங்கள். கடக்கும்போது கைகள் விட்டத்தின் அளவுக்கு ஒடுங்கி நிற்கும். அதை மைக்ரோமீற்றரில் அளக்க வேண்டும். முன்னும் பின்னும் பலமுறை ஆட்டினால் அளவு குறையும். பூட்டை முதலிலேயே பலமாக இறுக்கினால் கைகள் ஒடுங்காது, துளையைக் கீறும். பழைய எண்ணெய் காய்ந்து உள்ளே பிசினாகியிருந்தால் ஸ்பிரிங் முழுதாக விரிக்காது. பூட்டைத் திறந்து மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, கைகளை அமுக்கி அமுக்கி விடுங்கள். மூன்று முறை அளந்து 0.02 மி.மீ.க்குள் ஒத்துவரும்வரை அந்தக் கேஜை நம்பி வேலை எடுக்காதீர்கள்.

பெட்டியிலேயே அருமையான சாமான் அந்த நான்கு உருளைகள்தான். டூல்மேக்கர் பட்டன் என்று பெயர். வாஷர், ஸ்பேசர் என்று நினைத்து எத்தனையோ தொகுதிகள் இயந்திரங்களுக்குள் போல்ட்டில் கோக்கப்பட்டு அழிந்திருக்கின்றன. விட்டத்தை அளந்து பாருங்கள், அநேகமாக அரை அங்குலம், அதாவது 0.500. வெளிமுகமும் முனைமுகமும் கிரைண்ட் பண்ணிக் கடினமாக்கப்பட்டிருக்கும். உள்துளை மட்டும் ஸ்குறூவைவிட வேண்டுமென்றே பெரிது. அந்தத் தளர்வுதான் இந்தக் கருவியின் உயிர், ஆகவே புஷ் (உள்வளையம்) போட்டு அடைத்துவிடாதீர்கள்.

ஜிக் போரிங் மெஷின் (துளைகளைத் துல்லியமான இடத்தில் போடும் இயந்திரம்) பரவுமுன், இரண்டு துளைகளின் மையத்தூரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சரியாக வைக்க லேத் ஒன்றே இருந்த பட்டறைகள் நம்பியது இதைத்தான். இன்றும் டிஜிட்டல் அளவுமானி இல்லாத உங்களைப் போன்ற பட்டறைக்கு முழுதாகப் பொருந்தும். துளை வரவேண்டிய இடத்தில் ஏறக்குறையக் குறித்து, சின்னத் துளையிட்டு, டாப்பால் உள்ளே புரி வெட்டுங்கள். பட்டனை ஸ்குறூவால் தளர்வாகப் பூட்டுங்கள். இரண்டு பட்டன்களின் வெளிமுகங்களுக்கு மேல் மைக்ரோமீற்றரால் அளந்தால், வரவேண்டியது மையத்தூரமும் ஒரு பட்டனின் விட்டமும் சேர்ந்த தொகை. இரண்டு அங்குல மையத்தூரம் வேண்டுமென்றால் மைக்ரோமீற்றர் 2.500 காட்ட வேண்டும். பித்தளைத் தண்டால் மெல்லத் தட்டித்தட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்து ஸ்குறூவை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கட்டாயம் திரும்ப அளக்க வேண்டும், இறுக்கும்போது பட்டன் நகரும். அதன்பின் துண்டை ஃபேஸ் பிளேட்டில் (லேத்தில் சுழலும் தட்டு) கட்டி, ஒரு பட்டனில் டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் மானி) வைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை துண்டை நகர்த்துங்கள். பட்டனைக் கழற்றி, போரிங் டூலால் துளையைப் பெருப்பியுங்கள். முதலில் போட்ட துளை கோணலாக இருக்கக்கூடும் என்பதால் ட்ரில்லால் பெருப்பிக்கவே கூடாது, ட்ரில் பழைய துளையின் வழியே போய்விடும். அடுத்த பட்டனுக்கும் இதே முறை. நீளமான நான்காவது பட்டன், இரண்டு துளைகள் மிக நெருங்கி வரும்போது டயல் கேஜ் பக்கத்துப் பட்டனில் முட்டாமல் வெளியே நீண்டுநிற்பதற்காக. பட்டனின் அடிமுகத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அது சரிந்து நிற்கும். எண்ணெய்க்கல்லில் தட்டையாக ஒருமுறை இழுத்துப் பிசிறை மட்டும் எடுங்கள்.

உருளைகள் பொருத்திய சட்டம் சைன் பார். உருளைகளின் மையத்தூரம் 5 அல்லது 10 அங்குலம், மெட்ரிக்கென்றால் 100 அல்லது 200 மி.மீ. ஒரு உருளையை சேர்ஃபேஸ் பிளேட்டிலும் (துல்லியமாகத் தட்டையாக்கிய பலகை) மற்றதை ஸ்லிப் கேஜ் (துல்லியமான தடிப்புள்ள உருக்குக் கட்டைகள்) அடுக்கின் மேலும் வைத்தால் சட்டம் துல்லியமான கோணத்தில் நிற்கும். அடுக்கின் உயரம் = மையத்தூரம் × கோணத்தின் சைன். 5 அங்குலச் சட்டத்துக்கு 30 பாகை வேண்டுமென்றால் 2.5 அங்குலம். 100 மி.மீ. சட்டத்துக்கு 12 பாகையென்றால் 20.79 மி.மீ. 45 பாகைக்கு மேல் இதை நேரடியாக நம்பவேண்டாம். 60 பாகையில், உயரத்தில் வரும் அதே சின்னப் பிழை, மிகச் சிறிய கோணங்களில் தெரிவதைவிட இரட்டிப்பாகத் தெரியும். கறள் எடுக்கவென்று உருளைகளின் ஸ்குறூவைக் கழற்றிவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். கழற்றிப் பூட்டினால் மையத்தூரம் மாறிப்போகும், பிறகு அது வெறும் இரும்புச் சட்டம். பிளேட்டில் படுக்கவைத்து மேல்முகம் முழுக்க டயல் கேஜை ஓட்டுங்கள். முள் 0.005 மி.மீ.க்கு மேல் நகராவிட்டால் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் அளவுத்திருத்தச் சேவை உண்டு. இறுக்கமான அளவுகளுக்கு வேலை எடுக்காதவரை அந்தச் செலவு தேவையில்லை.

நுனி ஆடும் தண்டு எட்ஜ் ஃபைன்டர், மில்லிங் மெஷினுக்கு உரியது. நிமிடத்துக்கு 600 முதல் 1000 சுற்றில் சுழலவிட்டு வேலைத்துண்டின் ஓரத்தை நெருங்கினால், ஆடிக்கொண்டிருந்த நுனி நேராகி, திடீரென்று பக்கவாட்டில் விலகும். அந்தக் கணத்தில் ஸ்பின்டில் மையம் ஓரத்திலிருந்து நுனி விட்டத்தின் பாதித் தூரத்தில் நிற்கிறது. நுனி 0.200 அங்குலமானால் 0.100, 10 மி.மீ. ஆனால் 5 மி.மீ. சுத்தம் செய்ய நுனியை இழுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே உள்ள ஸ்பிரிங் நீண்டுவிடும். மில்லிங் மெஷின் இல்லையென்றால் முதலில் விற்கவேண்டியது இதைத்தான்.

பல்லில்லாத அரம் ஸ்கிரேப்பர். பழைய அரத்தைத் தீட்டிச் செய்ததாகவும் இருக்கலாம். வெள்ளை உலோகப் பெயாரிங்குகளைத் தண்டுக்குப் பொருந்தும்வரை சுரண்ட உதவியது. மூன்று விளிம்பும் கத்தி, ஆகவே ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மாட்டி வையுங்கள். பக்கத்திலிருந்த சிவப்பு டின் அதனோடு சேர்ந்தது. தொடும் இடங்களை அடையாளம் காணப் பூசும் பசை. அந்தக் காலத்துச் சிவப்புப் பசை எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈய ஒட்சைட்டாக இருக்கும், நச்சு. சுரண்டவோ உலர்த்தித் தூளாக்கவோ கூடாது. கையுறையோடு எடுத்து, இரண்டு பிளாஸ்ரிக் பைகளில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். அந்த லாச்சியின் துணியில் சிவப்பு ஊறியிருந்தால் துணியையும் நனைத்துக் கழற்றி அப்படியே கட்டுங்கள். தேவைக்குப் புதிய நீலப்பசை டியூப் வாங்கிக்கொள்ளலாம்.

குழியுள்ள தண்டு மேன்ட்ரல். இரு முனையையும் மைக்ரோமீற்றரால் அளந்தால் ஒன்று மற்றதைவிட 0.0025 அங்குலம், அதாவது சுமார் 0.06 மி.மீ. பருத்திருக்கும். நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0005 அங்குலம் என்ற சரிவு அது. எண் குத்தியிருப்பது வழக்கமாகப் பெரிய முனையில். முக்கால் அங்குலத் துளை போட்ட கப்பியையோ புஷ்ஷையோ சின்ன முனையிலிருந்து கிறீஸ் பூசி அழுத்தி ஏற்றி, சென்றர்களுக்கு இடையில் வைத்து வெளிமுகத்தைக் கடைந்தால் துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் வரும். வெட்டு பெரிய முனையை நோக்கியே போகவேண்டும். எதிர்ப்பக்கம் வெட்டினால் துண்டு தளர்ந்து சுழலும். ஏற்றும்போது நேரே சுத்தியலால் அடித்தால் குழியின் வாய் சிதைந்து தண்டே கோணலாக ஓடும். அழுத்தும் இயந்திரம் இல்லையென்றால் செம்புத் துண்டு வைத்துத் தட்டுங்கள்.

சுத்தம் செய்யும் வேலையை இதற்குப் பிறகு தொடங்கலாம். வினாகிரி அளவுக்கோடுகளின் கறுப்பைத் தின்று முகத்தை மங்கவைக்கும். கடினமாக்கிய ஸ்பிரிங்குகளை உடையும் தன்மைக்கும் கொண்டுபோகக்கூடும். எமரி, அளக்கும் முகத்தில் ஒருமுறை பட்டாலே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துல்லியம் தூளாகிப் போகும். மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் கரட்டு முகங்களையும், மூங்கில் சீவலால் கோடுகளையும் சுரண்டுங்கள். கிரைண்ட் பண்ணிய முகங்களுக்கு எண்ணெயில் தோய்த்த பழைய பருத்தித் துணி மட்டும் போதும். போகாத கறைகளை அப்படியே விடுங்கள். கறுத்த கறை அளவைக் கெடுக்காது, மேடாக எழுந்த கறள்தான் கெடுக்கும். மைக்ரோமீற்றரின் இரு முகங்களுக்கிடையில் வெள்ளைக் கடதாசியை இலேசாகப் பிடித்து இழுத்தால் அழுக்கு வந்துவிடும். சுழலும் பகுதியில் 25 பிரிவு இருந்தால் அங்குலம், 50 இருந்தால் மில்லிமீற்றர்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்து உப்புக் காற்று நேரே வருகிறது. ஆகவே துடைத்தவுடன் தையல் மெஷின் எண்ணெய் ஒரு படலம் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகக் கெட்டு அமிலமாகும், வேண்டாம். லாச்சித் துணியில் ஈரம் இருந்தால் பெட்டியை நிழலில், லாச்சிகளைத் திறந்து சில நாள் காயவிடுங்கள். நேர் வெயில் பலகையை முறுக்கும். பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் மேசைமேல் வைத்து, ஒவ்வொரு லாச்சியிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, பொட்டலத்தை மாதமொருமுறை மாற்றுங்கள்.

விற்பனை விஷயத்தில் என் கருத்து இது. லேத் மட்டும் உள்ள பட்டறைக்கு சென்றர் கேஜ், டெலஸ்கோப்பிக் கேஜ், பட்டன்கள், மேன்ட்ரல், ஒட்-லெக் ஐந்தும் சோறு போடும். எட்ஜ் ஃபைன்டரை விற்கலாம். ஸ்லிப் கேஜும் சேர்ஃபேஸ் பிளேட்டும் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் சைன் பாரும் உங்களிடம் சும்மாதான் கிடக்கும், டை (அச்சு) செய்யும் பட்டறையொன்றுக்குக் கொடுத்தால் நல்ல விலை தருவார்கள். பட்டன்களை மட்டும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். நான்கையும் அவற்றின் ஸ்குறூக்களோடு ஒரே டப்பாவில், எண்ணெய்க் கடதாசியில் சுற்றி வையுங்கள்.